க்ரூஸ் மாவட்டத்தைப் பாடமாக்கிய சனிக்கிழமைகள்

பிரான்சின் நடுவயிற்றுக்குக் கிட்ட க்ரூஸ் என்றொரு மாவட்டம் இருக்கிறது. கடல் கிடையாது, பெரிய நகரம் கிடையாது, அதிவேக ரயில் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. நான் அங்கே ஒருநாளும் போனதில்லை. ஆனாலும் அதன் ஆறுகளை வரிசையாகச் சொல்வேன். எந்த மேட்டில் எந்தப் பாறை குந்திக்கொண்டிருக்கிறது என்று சொல்வேன். எட்டு மாதம், சனிக்கிழமை தவறாமல், ஒஸ்லோவின் ஓரத்தில் ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டின் குசினி மேசையில் இருந்துகொண்டு அந்த மாவட்டத்தைச் சித்தப்பாவுக்குத் தொலைபேசியில் படிப்பித்தேன். இதில் பகிடி என்னவென்றால், அங்கே பதினான்கு வருடமாக இருப்பவர் அவர். நான் ஒஸ்லோவில் பிறந்தவள்.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. மன்னாரிலிருந்து அப்பா முதலில் வெளிக்கிட்டு நோர்வேக்கு வந்துவிட்டார். சித்தப்பா பல வருடம் பிந்தி வெளிக்கிட்டார். அவருடைய எண்ணமும் ஒஸ்லோதான். ஆனால் பாரிசில் பிடித்துக் கைரேகை எடுத்துவிட்டார்கள். கைரேகை எடுத்த நாட்டில்தான் அகதி வழக்கு என்பது சட்டம். பாரிசில் தங்கவைக்க இடமில்லை என்று ஒருநாள் காலை முப்பது பேரை ஒரு பேருந்தில் ஏற்றி, அரைநாள் ஓடி, கெரே என்ற சிறு பட்டணத்தில் இறக்கினார்கள். அதுதான் க்ரூஸ் மாவட்டத்தின் தலைநகர். அன்றைக்கு அவர் அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்ன முதல் வசனத்தை எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்லிச் சிரிப்போம்.

"அண்ணை, இஞ்சை ஆக்களே இல்லை. மாடுதான் நிக்குது."

அவரோடு வந்த மற்றவர்கள் விசா கிடைத்ததும் பாரிசுக்கு ஓடிவிட்டார்கள். சித்தப்பாவுக்கு அங்கே ஒரு வயோதிபர் இல்லத்தின் குசினியில் வேலை கிடைத்தது. கலியாணம் முடிக்கவில்லை. இல்லத்துக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துக்கொண்டு, வேலையும் அறையும் என்று இருந்துவிட்டார். எங்களிடம் கோடையில் இரண்டு கிழமை வந்து நிற்பார். அகதி அட்டையோடு வந்து நிற்கலாம், ஆனால் இங்கே குடியிருந்து வேலை செய்ய ஏலாது. பிரெஞ்சுப் பிரஜை ஆகிவிட்டால் அந்தத் தடை இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மறுநாளே வேலைக்குப் போகலாம்.

அப்பாவின் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய ஆசை ஒன்றையும் நான் கண்டதில்லை. அண்ணா கலியாணம் முடித்து ஒஸ்லோவின் மற்றப் பக்கம் மோர்டென்ஸ்ருட்டுக்குப் போனதும் காலியான அறைக்கு அப்பா அடுத்த கிழமையே வெள்ளை அடித்தார். அது தம்பியின் அறை என்று அறிவித்துவிட்டார். கட்டில் வாங்கினார். பஸ் டிப்போவில் பஸ் கழுவும் வேலைக்கு ஆள் எடுக்கும்போது தனக்குச் சொல்லும்படி சொல்லிவைத்தார். அப்பா பஸ் ஓட்டுநர். வேலை முடிந்து வந்தால் தேத்தண்ணியும் செய்தியும் சாப்பாடும் நித்திரையும்தான். மாதா கோவிலுக்கு வருவார், கலியாண வீடுகளுக்கு வருவார், எல்லா இடத்திலும் கதிரையின் நுனியில்தான் இருப்பார். சித்தப்பா வந்து நிற்கிற இரண்டு கிழமை மட்டும் சாய்ந்து இருப்பார்.

ஆகவே பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டார்கள். அதற்கு ஒரு நேர்காணல் உண்டு. நாட்டைப் பற்றிக் கேட்பார்கள், அதுவும் பிரெஞ்சில் கேட்பார்கள். எங்கள் ஆட்கள் பரீட்சை என்று கேள்விப்பட்டால் சும்மா இருப்பார்களா? பாரிசில் உள்ள தமிழர்கள் நேர்காணலுக்குப் போய் வந்தவர்களிடமெல்லாம் கேள்விகளைக் கறந்து, விடைகளோடு ஒரு பட்டியல் செய்து வைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்து டியூட்டரிகளில் கடந்தகால வினாத்தாளை வைத்து மாரடிக்கிறது போலத்தான். அந்தப் பட்டியல் வாட்ஸ்அப்பில் எங்கள் வீட்டுக்கும் வந்தது. ஆனால் அதில் பாதி பாரிசின் பாலங்களும் கோபுரங்களும். சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் வேறொரு நாட்டுப்புற மாவட்டத்தில் நேர்காணலுக்குப் போயிருந்தார். அவரிடம் பாலத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம், சொந்த மாவட்டத்தைப் பற்றியே துருவித் துருவிக் கேட்டார்களாம். க்ரூஸ் மாவட்டத்துக்கு வினாத்தாள் இல்லை. அங்கே இருந்து பிரஜாவுரிமைக்குப் போன தமிழரே இல்லை.

"நீதான் பிரெஞ்சு படிச்சனீ. நீ செய்," என்றார் அப்பா.

நான் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு எடுத்ததற்குக் காரணம் ஜெர்மன் வகுப்பு காலை எட்டு மணிக்கு இருந்ததுதான். கடைசியில் எனக்குக் கிடைத்த புள்ளி ஆறுக்கு நான்கு. ஆனால் எங்கள் குடும்பத்தில் வேறு ஒருவருக்கும் அந்த நான்கும் இல்லை. நான் நூலகத்துக்குப் போய்ப் பெரிய வரைபடம் ஒன்றைப் பார்த்துக் கீறிக்கொண்டு வந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். அம்மா அதை உரித்தெடுத்து, முட்டைத் தட்டு வைக்கிற இடத்துக்கு மேலே சுவரில் ஒட்டினா. அங்கேதான் எண்ணெய் படாதாம்.

முதலில் பூமிசாஸ்திரம். தெற்கே ஆயிரம் பசுக்கள் என்று பெயர்பெற்ற மேட்டுநிலம். காற்று அடிக்கும், ஊதாப் பூப் பூக்கிற குத்துச்செடி படர்ந்திருக்கும், நிலம் முழுக்க ஈரம். மிதிக்கிற இடமெல்லாம் ஊற்று. அந்த ஊற்றுகள் சின்னச் சின்ன ஓடைகளாக வழிந்து, மாவட்டத்தின் பெயரைக் கொண்ட ஆறாகச் சேர்ந்து, வடக்கே நடந்து, வேறு ஆறுகளின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசியில் அத்திலாந்திக் கடலுக்குப் போகின்றன. மாவட்டத்துக்குள் கடல் இல்லைத்தான். ஆனால் அங்கே பெய்கிற மழைக்குக் கடலுக்குப் போகும் வழி தெரியும். இதை நான் எழுதியபோது வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ரயில் பாதைக்கு அப்பால் இருக்கிற தொடர்மாடிகள் மறைந்துபோயின. எனக்கு ஜன்னலில் அந்த மேட்டுநிலம்தான் தெரிந்தது. வேலைக்குப் போகிற வழியிலும் அப்படித்தான். ரயிலில் இருந்தபடியே கருங்கல் வீடுகளையும் வேலிக்கு அப்பால் நிற்கிற செம்மாடுகளையும் பார்த்துக்கொண்டு போவேன். இரண்டு தரம் இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டிருக்கிறேன்.

சித்தப்பாவுக்குச் சனிக்கிழமை ஓய்வு. காலை பதினொரு மணிக்கு அழைப்பேன். அவர் அறையில் கட்டிலில் சம்மணம் கட்டி, கொப்பியோடு தயாராக இருப்பார். தொலைபேசியைச் சத்தமாக வைத்துவிட்டு நான் கேள்வி கேட்பேன். அப்பா பக்கத்து ஹோலில் சீருடைச் சட்டைகளை அயர்ன் பண்ணிக்கொண்டிருப்பார். நாங்கள் முடிக்கும்வரை அவருக்கும் அயர்ன் பண்ணி முடியாது. ஐந்து சட்டைக்கு ஒன்றரை மணித்தியாலம்.

சித்தப்பாவுக்குக் குசினிப் பிரெஞ்சு தண்ணி பட்ட பாடு. வெங்காயம், கத்தி, உப்புக் காணாது, தட்டைக் கொண்டுவா. ஆனால் நான் எழுதிக் கொடுத்த நீளமான வசனங்கள் அவருடைய வாயில் நிற்கவில்லை. மூன்றாவது கிழமை அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் ஊரில் தவக்காலத்தில் பசாம் பாடியவர். யேசுவின் பாடுகளை இழுத்து இழுத்துப் பாடுகிற அந்தப் பழைய மெட்டில் எதைக் கொடுத்தாலும் அவருக்கு ஏறிவிடும். க்ரூஸ் மாவட்டத்தின் ஆறுகளை அவர் பசாம் மெட்டில் பாடினார். ஆற்றின் பெயரில் ஓர் இழுவை, அது எந்த ஆற்றில் சேர்கிறது என்கிற இடத்தில் ஒரு விம்மல். கேட்டால் ஆறுகளுக்காக அழவேண்டும் போல இருக்கும். அம்மா புட்டு அவிப்பதை நிறுத்திவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டா.

"இது பெரிய வெள்ளி இல்லை, நேர்காணல்," என்று நான் கத்தினேன். "அங்கை போய் இப்பிடிப் பாடினால் ஆசுப்பத்திரிக்கு அனுப்புவாங்கள்."

"மெட்டு மனதுக்குள்ளைதான் பிள்ளை. வாயாலை சும்மா சொல்லுவன்," என்றார்.

பிறகு சரித்திரம். அங்கேதான் நான் முற்றாக மயங்கிப்போனேன். அந்த மாவட்டத்து மண்ணில் சோறு போட வலு இல்லை. ஆகவே ஆண்கள் எல்லோரும் கொத்தனார்கள் ஆனார்கள். குளிர் குறைகிற மாசியும் பங்குனியும் வந்தால் ஊர் ஊராகச் சேர்ந்து, பாரிசுக்கு நடந்தே போவார்கள். பல நாள் நடை. அங்கே தெருத்தெருவாக வீடு கட்டுவார்கள், ஓர் அறையில் பத்துப் பேர் படுப்பார்கள், நகரத்துக்காரர் அவர்களுடைய பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். குளிர் தொடங்க மறுபடியும் நடந்து ஊருக்கு வருவார்கள். பெண்கள்தான் வயலையும் மாட்டையும் பார்த்தார்கள். காலம் போகப் போக, வருடத்துக்கு ஒருமுறை வந்தவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்தார்கள். பிறகு பாரிசிலேயே தங்கிவிட்டார்கள். ஊர்கள் வெறுமையாயின. இதை வாசித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். இவர்கள் எங்கள் ஆட்கள் அல்லாமல் வேறு யார்?

சித்தப்பா கொத்தனார் பாடத்தை மூன்று சனிக்கிழமை பாடினார். நாலாவது சனிக்கிழமை அவர் பதில் சொல்லவில்லை, தானாகக் கதைக்கத் தொடங்கினார்.

"பிள்ளை, எங்கடை இல்லத்திலை ஒரு கிழவன் இருக்கிறார். சூப் கொடுக்கேக்கை நான் சும்மா கொத்தனார்மாரைப் பற்றி நீ எழுதினதைச் சொன்னனான். அவரின்ரை அப்பான்ரை அப்பா அப்பிடி நடந்து போனவராம். அலுமாரிக்குள்ளை இருந்து சாந்து பூசுற கரணை எடுத்துக் காட்டினார். பிடி தேய்ஞ்சு கிடக்குது."

"அதையும் எழுதுங்கோ. நல்ல விடை," என்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் அவர் ஏதாவது கொண்டுவந்தார். இல்லத்துக் கிழவிகளிடம் கேட்டார். எந்தப் புனிதரின் ஊற்றுத் தண்ணீர் கண்ணோவுக்கு நல்லது, எது குழந்தைகளுக்கு நல்லது, ஊற்றடி மரத்தில் ஏன் துணி கட்டுகிறார்கள் என்றெல்லாம் அறிந்துவந்தார். பழைய சவக்காலைகளில் கல்லால் கட்டின ஒல்லிக் கோபுரங்கள் உண்டு, உச்சியில் செத்தவர்களுக்காக விளக்கு வைப்பார்களாம். உருளைக்கிழங்கை மாவுக்குள் மூடிச் சுடுகிற ஒரு பலகாரம் செய்யப் பழகி, அதற்குள் ஒளித்துப் பச்சைமிளகாயும் போட்டிருக்கிறார். கிழவர் ஒருவர் இரண்டாம் தட்டுக் கேட்டாராம்.

குசினியில் அவரோடு வேலை செய்த ஒரு அம்மாவைப் பற்றியும் அப்போதுதான் சொன்னார். ஓய்வெடுக்கப் போகிற வயது. பார்த்தால் மன்னாரில் மீன் வாங்க நிற்கிற ஒரு மாமி போல இருப்பாவாம். ஒரு சொல் தமிழ் தெரியாது. இந்து சமுத்திரத்தில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவிலிருந்து சின்னப் பிள்ளையாகக் கொண்டுவரப்பட்டவ. நான் தேடி வாசித்தேன். ஆட்கள் இல்லாமல் போன அந்த நாட்டுப்புறங்களை நிரப்பத் தீவிலிருந்து அரசாங்கம் பிள்ளைகளைக் கொண்டுவந்திருக்கிறது. அந்தத் தீவுக்குக் கரும்பு வெட்டப் போன தமிழரின் வழிவந்த பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். இதையும் வினாத்தாளில் சேர்க்கட்டோ என்று சித்தப்பா கேட்டார். ஹோலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"அதை விடு. அரசாங்கத்தைக் குறை சொல்லுறமாதிரிப் போகும்."

கேட்கவில்லை என்று நடிக்கிறவருக்கு நல்ல காது.

கலாசாரத்துக்கு ஒபுஸோன் பட்டணத்தின் கம்பளங்களை வைத்தேன். சுவரில் தொங்கவிடுகிற சித்திரக் கம்பளங்கள், இலையும் காடுமாக நெய்த அவற்றின் பச்சை பேர்போனது. அந்த நெசவாளர் தறியில் எப்போதும் கம்பளத்தின் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் நெய்வார்கள். மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில், முடிச்சையும் நூல் நுனியையும் மட்டும் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். தறியிலிருந்து அறுத்து இறக்குகிற நாளில்தான் முன்பக்கம் என்ன என்று அவர்களே காண்பார்கள். இதைச் சொல்லிவிட்டு, "அந்தப் பச்சை எப்பிடி இருக்கும் எண்டு எனக்குப் பாக்கோணும் போலை இருக்கு சித்தப்பா," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அடுத்த கிழமை அவர் பஸ் எடுத்து ஒபுஸோனுக்குப் போய்விட்டு வந்திருந்தார். பதினான்கு வருடத்தில் மாவட்டத்துக்குள் அவர் போன முதல் பயணம். நூலின் பச்சையைத் தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பினார். நனைந்த பாசி நிறம். அதற்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. பாறைகளைப் பார்க்கப் போனார், ஏரிக்குப் போனார், காட்டுக்குள் காளான் பிடுங்கப் போகிறவர்களோடு போனார். நான் அனுப்பியதைவிடக் கூட அவர் அனுப்பினார். ஒரு படத்தில் பெரிய உருண்டைப் பாறைக்குப் பக்கத்தில் நின்று, சொந்தக்காரரின் தோளில் போடுகிறமாதிரிக் கையைப் போட்டிருந்தார். எனக்கு ஒரே புளுகம், சந்தோசத்தில் தலைகால் தெரியவில்லை. என் மாணவன் கெட்டிக்காரன் என்று நான் வேலை செய்கிற கந்தோரில் எல்லோருக்கும் காட்டினேன்.

வினாத்தாளின் கடைசிக் கேள்வியை அப்பா தந்தார். அன்றைக்கு அயர்ன் பெட்டியை வைத்துவிட்டுக் குசினிக்குள் வந்து, மேசையில் கையை ஊன்றிக்கொண்டு தொலைபேசியைப் பார்த்துக் கதைத்தார்.

"தம்பி, கடைசியிலை உதைக் கட்டாயம் கேப்பாங்கள். பிரஜாவுரிமை தந்தால் எங்கை இருப்பாய் எண்டு. நோர்வே எண்டு வாய் தவறிச் சொல்லிப்போடாதை. இஞ்சைதான் இருப்பன் எண்டு சொல்லு. உறுதியாச் சொல்லோணும்."

சித்தப்பா கொப்பியை மூடுகிற சத்தம் கேட்டது.

"அது பொய்தானே அண்ணை?"

"பொய் இல்லையடா. விண்ணப்பம்."

"பிறகு பாவசங்கீர்த்தனத்திலை சுவாமியாருக்குச் சொல்லலாம்," என்று அம்மா அடுப்படியிலிருந்து வழி சொன்னா.

நான் அந்த விடையை ஆசையோடு எழுதினேன். இதைச் சொல்லாமல் இருக்க ஏலாது. மற்ற விடைகளை வரைபடத்தையும் புத்தகத்தையும் பார்த்து எழுதினேன், இதைப் பொய் என்றபடியால் இன்னும் கவனமாக எழுதினேன். 'நான் இங்கேதான் இருப்பேன். இந்த ஊரின் முதியவர்களுக்கு நான் சமைக்கிறேன். காலையில் ஜன்னலைத் திறந்தால் குன்றின் பின்னால் மூடுபனி நிற்கும். எனக்கு இங்கே நண்பர்கள் இருக்கிறார்கள். போவதற்கு எனக்குக் காரணம் இல்லை.' ஐந்து வசனம். நம்பும்படியாக இருக்கவேண்டுமே. அதை அவர் மூன்று மாதம், கிழமைக்கு ஆறு ஏழு தரம் சொன்னார். மெட்டோடும் சொன்னார். சொல்லச் சொல்ல உச்சரிப்புத் திருந்தியது. நான் நல்லது நல்லது என்றேன்.

நேர்காணலன்று அப்பா விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தார். மத்தியானம் சித்தப்பா அழைத்தார். ஆறுகளைக் கேட்கவில்லையாம், கொத்தனார்களைக் கேட்டார்களாம். பயத்தில் வசனம் ஒன்றும் வரவில்லையாம். மெட்டைப் பிடித்தால்தான் வருமென்று இருந்தபடியால் மெல்லப் பாடியே விட்டாராம். அந்த அதிகாரி அம்மா பேனையை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாவாம்.

"சிரிச்சவவோ?" என்று நான் கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை. பாடி முடியுமட்டும் ஒண்டும் சொல்லேல்லை."

"கடைசிக் கேள்வி?" என்றார் அப்பா.

"கேட்டவ. சொன்னனான்."

அப்பா முதல்முறையாக என் தலையைத் தடவினார்.

பல மாதம் காத்திருந்தோம். இலையுதிர் காலத்தில் கடிதம் வந்தது. சித்தப்பா பிரெஞ்சுப் பிரஜை. அம்மா கேக் அடித்தா. அப்பா டிப்போவில் போய்ச் சொல்லிவிட்டு வந்து, வெள்ளை அடித்த அறைக்குத் திரைச்சீலை வாங்கவேண்டும் என்று என்னைக் கடைக்குக் கூட்டிப்போனார். எந்த நிறம் என்று கேட்டேன். பச்சை என்றார்.

அடுத்த சனிக்கிழமை, பாடம் ஒன்றும் இல்லாத சனிக்கிழமை, சரியாகப் பதினொரு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"அப்பா பக்கத்திலை நிக்கிறாரோ?"

"இல்லை. கடைக்குப் போயிட்டார்."

"பிள்ளை, நான் அங்கை வரேல்லை."

லீவுக்கு என்று நினைத்தேன். இல்லை. அவர் ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு வசனத்துக்குத் தாவுகிறவர்போல மெதுவாகச் சொன்னார். நேர்காணலில் எல்லா விடையையும் மெட்டைப் பிடித்துத்தான் சொன்னாராம். கடைசி விடைக்கு வாயைத் திறந்தபோது மெட்டு வரவில்லையாம். சும்மா கதைக்கிறமாதிரி வந்துவிட்டதாம். நான் எழுதிய ஐந்து வசனத்துக்கு மேலேயும் வந்ததாம். கரணை வைத்திருக்கிற கிழவர், ஒபுஸோன் பச்சை, ஓய்வெடுத்துக்கொண்டு போன அந்த அம்மா இப்போதும் ஞாயிறுகளில் அவரைச் சாப்பிடக் கூப்பிடுவது எல்லாம் சொன்னாராம். சொல்லிவிட்டு வெளியே வந்து படியில் இருந்தபோதுதான், தான் பொய் சொல்லவில்லை என்று தெரிந்ததாம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"எட்டு மாதம் நான் குந்தியிருந்து படிப்பிச்சது நீங்கள் இஞ்சை வரத்தானே? அது பொய் எண்டு சொல்லித்தானே எழுதித் தந்தனான்?"

"ஓம் பிள்ளை. ஆனா நீதானே எனக்கு இந்த ஊரைக் காட்டினனீ. அதுக்கு முதல் நான் குசினியையும் இந்த அறையையும்தானே கண்டனான்."

இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு, போகாத ஓர் ஊரை ஆசை ஆசையாக நெய்து, அப்பாவின் ஒரே தம்பியை அதற்குள் வைத்துக் கட்டிவிட்டேனே என்று இருந்தது.

"அண்ணைக்கு நீ சொல்லு. என்னாலை ஏலாது," என்று சொல்லிவிட்டு அவர் அழுதார்.

நான் மூன்று நாள் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை அப்பாவுக்குப் பின்னேர வேலை, எனக்கு லீவு. காலையில் அவர் அந்த அறையில் கதிரையில் ஏறி நின்று திரைச்சீலைக்குக் கம்பி பூட்டிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். அப்பா கம்பியைப் பூட்டி முடித்தார். இறங்கினார். புதுக் கட்டிலின் ஓரத்தில் இருந்தார்.

"தெரியும்," என்றார்.

"சித்தப்பா சொன்னவரோ?"

"இல்லை. அந்தப் பச்சையைப் பாக்க பஸ் எடுத்துப் போனான் பார். அண்டைக்கே தெரியும்."

"அப்ப ஏன் அப்பா என்னை நிப்பாட்டேல்லை? கடைசிக் கேள்வியை நீங்கள்தானே தந்தனீங்கள்?"

"ஏதோ, நோர்வேக்குத்தான் வாறான் எண்டமாதிரிச் சொல்லிப் பாப்பம் எண்டு." அப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "நிப்பாட்ட மனம் வரேல்லை பிள்ளை. நானும் கேட்டுக்கொண்டெல்லோ இருந்தனான். ஒவ்வொரு சனிக்கிழமையும்."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ரயில் பாதையையும் அதற்கு அப்பால் உள்ள தொடர்மாடிகளையும் பார்த்தார். பிறகு, கோபம் ஒன்றும் இல்லாமல், வழி கேட்கிற ஆளின் குரலில் சொன்னார்.

"முப்பது வருசமா இந்த ஊருக்குள்ளை பஸ் ஓடுறன். தரிப்பிடம் முழுக்க எனக்குப் பாடம். நித்திரையிலை எழுப்பிக் கேட்டாலும் வரிசையாச் சொல்லுவன். ஆனா அது என்ன இடம், ஆர் இருந்தவை, எந்தத் தண்ணி எங்கை போகுது எண்டு எனக்கு ஒருத்தரும் ஒருநாளும் சொல்லித்தரேல்லை."

நான் போய் அவருக்குப் பக்கத்தில் கட்டிலில் இருந்தேன்.

"ட்வெய்ட்டா தரிப்பிடத்திலை ஒரு நாளைக்கு எட்டுத்தரம் நிப்பாட்டுறன்," என்றார். "ட்வெய்ட்டா எண்டா என்ன பிள்ளை? முதல் அங்கை என்ன இருந்தது?"

நான் இந்த ஊரில் பிறந்தவள். இருபத்தாறு வருடம் இங்கேயே வளர்ந்தவள். எனக்குத் தெரியவில்லை.